பழைய விரிப்பில் கோடைச் சட்டை



இன்றைய பேச்சுக்கான பொருள் ஏறக்குறைய எல்லா வீட்டு பீரோவிலும் அடித்தட்டில் மடிந்து கிடக்கிறது. நடுவில் நைந்துபோன டபுள் பெட்ஷீட், ஜோடி தொலைந்த தலையணை உறை, கரை மட்டும் பளிச்சென்று இருக்கும் எட்டு முழ வேட்டி, வீடு மாறியபோது ஜன்னலுக்குப் பொருந்தாமல் போன திரைச்சீலை. இவற்றை மூட்டையாகக் கட்டிவைத்து, தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டதும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குக் கொடுத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அதே வாரம் கோடைக்கென்று நைட்டியும் குழந்தைக்குக் கவுனும் வாங்கக் கடைக்குப் போவதும் நடக்கிறது. வாங்கி வரும் துணி பல நேரம் பாலியெஸ்டர் கலந்தது. கொடுத்தனுப்பியதோ வெயிலுக்கு அதைவிட ஏற்றது.

பழைய பருத்தி விரிப்பு, கோடை உடுப்புக்கு முதல் தரமான துணி. வறுமையைச் சமாளிக்கும் வழியாக மட்டும் அதைப் பார்க்கும் பார்வை மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த உரை.

முதலில் அளவைக் கவனிக்கலாம். டபுள் பெட்ஷீட் பெரும்பாலும் 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் கொண்டது. சட்டைத் துணியும் நைட்டித் துணியும் 36 அல்லது 44 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வருகின்றன. 44 அங்குலப் பன்னாவுக்குக் கணக்குப் போட்டால், ஒரு டபுள் பெட்ஷீட்டில் சுமார் 5 மீட்டர் துணி இருக்கிறது. நைந்த நடுப்பகுதியென்று பாதியை ஒதுக்கிவிட்டாலும் இரண்டரை மீட்டர் மிஞ்சும். பெரியவர் ஒருவருக்குக் குர்தா தைக்க அது போதும். 60க்கு 90 அளவுள்ள சிங்கிள் விரிப்பில் 3 மீட்டர் கிடைக்கும். நையாத விரிப்பு, கறை பட்டதற்காகவோ நிறம் மங்கியதற்காகவோ ஒதுக்கப்பட்டதென்றால் இன்னும் நல்லது. 28 அங்குல இடுப்புக்கு 36 அங்குல நீளத்தில் முழு வட்ட அம்ப்ரெல்லா பாவாடை வெட்ட 81 அங்குலச் சதுரம் தேவை. கடைத் துணியில் அதை இரண்டு மூன்று துண்டாக ஒட்டுப்போட்டுத்தான் வெட்ட முடியும். பெட்ஷீட்டில் ஒரே துண்டாக, ஒட்டே இல்லாமல் வந்துவிடும்.

அடுத்து, குளுமை. பருத்தி இழை சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தே தன் எடையில் எட்டரை விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழுப்பது அரை விழுக்காடுகூட இல்லை, 0.4தான். சித்திரை மாதப் புழுக்கத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சட்டைக்கும் ஒட்டாத சட்டைக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது. இதில் புதுப் பருத்தியைவிடப் பழைய பருத்திக்கு இன்னொரு வசதி உண்டு. நெசவுக்காகப் பாவில் ஏற்றிய கஞ்சி, விற்பனைக்காகக் கொடுத்த மொடமொடப்பு எல்லாம் புதுத் துணியில் இருக்கும். நூறு முறை துவைத்த விரிப்பில் அவை எப்போதோ கரைந்து போயிருக்கும். இழைகள் இளகி, துணி மெலிந்து, காற்று எளிதாக உள்ளே புகுந்து வரும். சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். புதுத் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு வெட்டும் வேலை இங்கே மிச்சம்.

விரிப்பு உடுப்பாக மாறிய கதையில் நம் சோழமண்டலக் கரைக்குப் பெரிய பங்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளை, சிண்ட்ஸ் என்று அவர்கள் அழைத்தவற்றை, அங்கே தொடக்கத்தில் பெரிதும் கட்டில் விரிப்புக்கும் சுவர்த் தொங்கலுக்கும் வாங்கினார்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1663 செப்டம்பரில் அப்படி ஒரு துணி வாங்கினார்; மனைவியின் புதிய படிப்பறைச் சுவரை அலங்கரிக்க. கம்பளியும் கனத்த பட்டும் உடுத்திப் பழகிய ஊரில், எடை குறைந்த, துவைத்தாலும் சாயம் போகாத துணி என்பதே புதுமையாக இருந்தது. மெல்ல மெல்ல அதே துணி கவுனாகவும் மேலங்கியாகவும் உடம்பில் ஏறியது. ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ, தரையில் கிடந்தது முதுகுக்கு வந்துவிட்டதே என்ற பொருள்பட 1708இல் தம் பத்திரிகையில் குறைபட்டு எழுதினார். உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பில் பிரான்ஸ் 1686லேயே இந்தத் துணிகளுக்குத் தடை விதித்தது. அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1721இல் கொண்டுவந்த கடுமையான சட்டம் 1774இல்தான் நீங்கியது. மெத்தைக்கு வந்த துணியை மேனிக்கு உடுத்தக்கூடாது என்று அரசாங்கங்கள் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அந்தத் துணியின் சுகத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

அதே இங்கிலாந்தில் இருநூறு ஆண்டு கழித்து அரசாங்கமே இதற்கு நேர்மாறாகச் சொல்ல நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941 ஜூன் 1ஆம் தேதி அங்கே உடைக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஒரு பருத்தி கவுனுக்கு 7 கூப்பன், கம்பளி கவுனுக்கு 11. போர் முடிந்த பிறகும் ரேஷன் தொடர்ந்து, 1949இல்தான் முடிந்தது. இந்த நெருக்கடியில் வாணிப வாரியம் 1943இல் ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற கையேட்டை வெளியிட்டது. இருப்பதைக் கொண்டு சமாளிப்பது, கிழிந்ததைச் செப்பனிடுவது, பழையதைப் பிரித்துப் புதிதாகத் தைப்பது ஆகியவற்றை வீடுதோறும் சொல்லிக்கொடுத்தார்கள். திரைச்சீலை பாவாடையானது, தலையணை உறை உள்ளாடையானது, போருக்குப் பின் விற்பனைக்கு வந்த பாராசூட் துணிகூட மணப்பெண் உடையானது. அந்நாட்டுப் பெண்கள் பரம்பரையாகச் செய்துவந்த ஒரு வேலையும் அப்போது மீண்டும் பரவலானது. விரிப்பு நடுவில் நையத் தொடங்கியதும் அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வலுவான இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். நைந்த பகுதி ஓரத்துக்குப் போய்விடும். விரிப்புக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கூடும்.

அமெரிக்கக் கிராமங்களில் இதே காலத்தில் நடந்ததும் சுவையானது. மாவும் கோழித் தீவனமும் பருத்தி மூட்டைகளில் வந்தன. 100 பவுண்ட் தீவன மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேல் துணி கிடைக்கும். வாயைச் சங்கிலித் தையலில் அடித்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும். அந்த நூலும் வீணாகாது. மக்கள் மூட்டைத் துணியில் உடை தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆலைகள் பூப்போட்ட, கட்டம் போட்ட துணிகளில் மூட்டை கட்டத் தொடங்கின. நிறுவனத்தின் பெயரைத் துவைத்தால் போய்விடும் மையில் அச்சிட்டன. பெண்கள் உடை ஒன்றுக்கு மூன்று மூட்டை ஆகும் என்பதால், ஒரே டிசைனில் மூன்று மூட்டை பார்த்து வாங்கி வரும்படி கணவரிடம் சொல்லி அனுப்புவார்கள். காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் மலிந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் கையேடு தேவைப்படவில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியையோ பாட்டியின் நூல் புடவையையோ கிழித்துச் சட்டை தைப்பது பல குடும்பங்களில் இன்றும் இருக்கும் வழக்கம். பச்சிளம் உடம்புக்கு உறுத்தாத துணி வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் இருக்கிறது. வேட்டி நைந்தால் தூளி, தூளி நைந்தால் குழந்தையின் இடுப்புத் துணி, அதன் பிறகு சமையலறைப் பிடிதுணி, கடைசியில் விளக்குத் திரி. ஜப்பானியர் கோடைக்கால யுகாட்டா அங்கியையும் இப்படித்தான் இரவு உடையாக்கி, பிறகு குழந்தைக்கு நாப்கின் ஆக்கி, கடைசியில் தரை துடைக்க எடுத்துக்கொண்டார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, காந்தா போர்வை தைத்தார்கள். அந்த நூலோட்டத் தையல் இன்று உலகச் சந்தையில் விலை போகிறது.

இனி வேலைக்கு வருவோம். பழைய துணியில் தைப்பவருக்கு வேண்டிய முதல் திறமை, துணியைப் படிக்கத் தெரிவது.

விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். தோளும் இடுப்பும் அழுந்திய இடங்களில் வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல ஊடுருவும். கட்டிலின் இரு பக்கமும் தொங்கிய ஓரங்களில் நெசவு இன்னும் அடர்த்தியாக இருக்கும். நைந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் கட்டிங் போட வேண்டும். பிறகு ஒரு மூலையில் சின்னதாகக் கத்தரி வைத்து இரு விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். சர்ரென்று கிழிந்தால் உடுப்புக்கு ஆகாது. லைனிங்குக்கோ கைக்குட்டைக்கோ வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பலம் கொடுத்த பிறகே கிழிந்தால் தைக்கலாம். திரைச்சீலையில் கூடுதல் கவனம் வேண்டும். வெயில் பருத்தி இழையை அரித்துவிடும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும் திரைகூட ஜன்னல் பக்க மடிப்புகளில் உளுத்திருக்கும். வேட்டியில் இடுப்பில் செருகும் இடம் முதலில் போகும். கரை கடைசி வரை நிற்கும். அந்தக் கரையைப் பிரித்தெடுத்தால் நாடாவாகவும் இடுப்புப் பட்டையாகவும் கைமுனைப் பட்டையாகவும் உழைக்கும்.

பருத்திதானா என்ற சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும். கரூர், சென்னிமலைத் தறிகளில் நெய்த பருத்தி விரிப்புகள் இந்தச் சோதனையில் தேறும். ஆனால் எல்லா விரிப்பும் எல்லாவற்றுக்கும் ஆகாது. பவானி ஜமக்காளம் போன்ற முரட்டு நெசவில் பை தைக்கலாம். உடம்புக்கு அது கனம்.

இரண்டாவது திறமை, துணியின் வயதுக்கு ஏற்ற தையல். பழைய துணி புதிய நூலைவிடப் பலம் குறைந்தது. தடித்த பாலியெஸ்டர் நூலில் பொடித் தையலாக அடித்தால், தையல் ஓரத்திலேயே துணி கிழிந்து வரும். தபால்தலை ஓரத்தில் துளையிட்டு வைத்தால் அங்கேதானே கிழியும். ஆகவே மெல்லிய நூல், 9 அல்லது 11ஆம் எண் புது ஊசி, சற்றே நீண்ட தையல். ஓரம் பிரியாமல் இருக்க உள்புறமும் வெளிப்புறமுமாக இரண்டு முறை மடித்து அடிக்கும் பிரெஞ்சுத் தையல் மெல்லிய துணிக்கு மிகப் பொருத்தம்; ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டிலும் உள்பக்கம் சுத்தமாக இருக்கும். உடலைப் பிடித்துக்கொள்ளும் ரவிக்கை போன்றவற்றைப் பழைய துணியில் தைக்க முயல வேண்டாம். சுருக்கும் தளர்வும் உள்ள உடுப்புகள்தான் சரி: நைட்டி, பாவாடை, உள்பாவாடை, குர்தா, பைஜாமா, ஜப்லா, குழந்தைக் கவுன். இழுபடும் இடங்களான தோளுக்கும் அக்குளுக்கும் பைஜாமாவின் கவட்டுக்கும் விரிப்பின் பலமான ஓரத்திலிருந்து துண்டு வெட்ட வேண்டும். தோளில் இரட்டைத் துணி வைத்தால் ஆயுள் கூடும். பாவு இழை நீளவாக்கில் போவதால், உடையின் நீளமும் விரிப்பின் நீளவாக்கிலேயே அமைய வேண்டும். இதை மறந்தால் துவைத்த பிறகு உடை கோணிக்கொள்ளும்.

புதிதாகத் தைக்கத் தொடங்குகிறவருக்கு ஏற்றது தலையணை உறைக் கவுன். உறை 18 அங்குல அகலம், 28 அங்குல நீளம்; மூன்று வயதுக் குழந்தைக்குக் கவுன் தைத்தபின்னும் துணி மிஞ்சும். உறையின் மூடிய பக்கத்தைத் தையலை ஒட்டி வெட்டிவிட்டால் அது கழுத்துப் பக்கம். திறந்த வாய்ப் பக்கம் கவுனின் அடி. அங்கே ஏற்கெனவே மடித்து அடித்திருப்பதால் ஹெம்மிங் வேலை கிடையாது. தலையணையை உள்ளே மூடும் மடிப்புள்ள உறையாக இருந்தால் மடிப்பை வெட்டியெடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்து அடிக்க வேண்டும். வெட்டிய துண்டு பாக்கெட்டுக்கும், சாய்வாக வெட்டும் கிராஸ் பீஸுக்கும் உதவும். கவுனின் நீளத்தைக் கழுத்துப் பக்கத்தில் குறைத்துக்கொண்டு, உறையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இரு பக்கத் தையலையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். மேல்மூலையிலிருந்து உள்ளே 2 அங்குலம், கீழே 5 அங்குலம் வளைத்து வெட்டினால் இரண்டு கைக்குழியும் ஒரே வெட்டில் வந்துவிடும். கைக்குழிக்குக் கிராஸ் பீஸ் வைத்துப் பைப்பிங் கொடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் மேல்விளிம்பை ஓர் அங்குலம் மடித்து அடித்து, அதில் வேட்டிக் கரை நாடாவைக் கோத்துத் தோளில் முடிச்சிட்டால் கவுன் தயார். நாடாவின் நடுவில் ஒரு தையல் போட்டுவிட்டால் குழந்தை இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது. குழந்தை வளர்ந்ததும் அதே கவுன் மேல்சட்டையாகும். அமெரிக்காவின் மிச்சிகனில் இயங்கும் ‘லிட்டில் டிரெசஸ் ஃபார் ஆப்பிரிக்கா’ என்ற தொண்டு அமைப்பு, இந்த எளிய கவுனைத் தன்னார்வலர்களைக் கொண்டு தைத்துப் பல நாடுகளின் சிறுமிகளுக்கு அனுப்பி வருகிறது.

கறை பட்ட வெள்ளை விரிப்பை ஒதுக்க வேண்டியதில்லை. கடுக்காய் ஊறிய தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் மெல்லிய மஞ்சள் சாயல் ஏறும். இரும்புத் துரு ஊறிய நீர் அதன்மேல் பட்டால் கருஞ்சாம்பல் நிறமாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எழுவதும் இதே சேர்க்கையில்தான். அடுத்த வீட்டுத் துணியாகவோ கேட்டு வாங்கிய துணியாகவோ இருந்தால் கொதிநீரில் ஊறப்போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

ஒரு தயக்கம் மிச்சம் இருக்கிறது. பெட்ஷீட்டில் சட்டையா என்று நாலு பேர் கேட்பார்களே என்பது. குழந்தைகளுக்குப் பள்ளியில் கேலி வரும் என்ற பயமும் நியாயமானதே. அதற்கு மருந்து நல்ல வேலைப்பாடு. கோணலாக அடித்த தையலும் பிரிந்து தொங்கும் ஓரமும்தான் ஒரு உடையை ஏழ்மையாகக் காட்டுகின்றன. கோடுகள் தோளில் சேரும்படி வெட்டி, பைப்பிங் சீராகக் கொடுத்து, இஸ்திரி போட்ட உடையைப் பார்த்து அது எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1965இல் வந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் மரியா பழைய திரைச்சீலையில் ஏழு பிள்ளைகளுக்கும் விளையாட்டு உடை தைத்துப் போடுகிறாள். அந்தப் பிள்ளைகள் மலையில் ஓடியாடிப் பாடுவதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

வீட்டில் பயன்படாத துணிக்கு மதிப்பு உண்டு என்பதைப் பெரிய அளவில் காட்டிய அமைப்பு நம் நாட்டிலேயே இருக்கிறது. அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’, நகர வீடுகளின் பழைய துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்துக் கிராமங்களுக்குக் கொண்டு செல்கிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியையும் விடாமல், சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுக்கிறது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குத் தேவையான பஞ்சை விளைவித்து உடையாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது உலக வனவிலங்கு நிதியம் சொல்லும் கணக்கு. அந்தத் தண்ணீரையும் உழைப்பையும் ஏற்கெனவே செலவழித்து முடித்த துணிதான் வீட்டில் இருக்கிறது. அதை ஒரு வாளிக்கு விற்றுவிட்டு, புதுப் பருத்திக்காக இன்னொரு முறை அதே தண்ணீரைச் செலவிட வைக்கிறோம்.

ஆகவே தையல் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள். பள்ளித் தையல் ஆசிரியைகளும் மகளிர் குழுக்களில் பயிற்சி தருவோரும் முதல் பாடத்தையே புது பாப்ளின் துணியில் தொடங்குகிறீர்கள். துணி வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கற்பவரின் கை நடுங்குகிறது. அவர்களை ஆளுக்கொரு பழைய தலையணை உறையும் பெட்ஷீட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். துணியைப் படிப்பது, பாவு பார்ப்பது, பிரெஞ்சுத் தையல் அடிப்பது, பைப்பிங் வைப்பது எல்லாவற்றையும் அதிலேயே சொல்லிக்கொடுக்கலாம். தப்பாக வெட்டினாலும் இழப்பில்லை. சரியாக வந்தால் வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்தக் கோடைக்கு ஒரு கவுன் கிடைக்கும். வரும் வகுப்பிலேயே இதைத் தொடங்குங்கள்.